மூன்று புள்ளிக்குள் போன பட்டன்

ரோஹிணி நாவலூர் கம்பெனியில் பார்க்கிற வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இணையத்தில் ஓடும் செயலிகளின் மேற்பகுதியில் பட்டன்கள் வரிசையாக நிற்கும் பட்டைக்கு டூல்பார் என்று பெயர். அதில் இடம் போதாதபோது அதிகம் பயன்படாத பட்டன்களை ஒரு மெனுவுக்குள் தள்ளிவிடுவாள். மூன்று புள்ளியைத் தொட்டால் மெனு கீழே விரியும், வெளியே எங்காவது தொட்டால் மூடிக்கொள்ளும். இதற்குப் போய் ஒரு சம்பளமா என்று கேட்கிறவர்கள் உண்டு. அது மனுஷரை என்ன பாடு படுத்தும் என்று தெரிந்தால் கேட்கமாட்டார்கள்.

அப்பா ஸ்ரீரங்கன் குரோம்பேட்டையில் முப்பது வருஷம் கணக்கு வாத்தியார். அம்மா காமு இறந்த மறுவருஷம் அவரைப் பக்கவாதம் சாய்த்தது. வலது பக்கம் விழுந்து, நாக்கும் இழுத்துக்கொண்டது. புத்தி மட்டும் பழைய கூர்மையிலேயே இருந்தது. மிஞ்சிய இடது கையிலும் நடுக்கம். பகலில் சமைத்துப்போட்டு அவரைப் பார்த்துக்கொள்ள முனியம்மா வருவாள்.

ரோஹிணி இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, பழைய டேப்லெட் ஒன்றில் அவருக்கென்று ஒரு பக்கம் செய்து கொடுத்தாள். அவர் டைப் செய்து 'பேசு' பட்டனைத் தொட்டால் ஓர் ஆண்குரல் அதைப் படிக்கும். பக்கத்தில் 'ரோஹிணி' என்ற பட்டன். அதைத் தொட்டால் எழுதினது அவள் போனுக்குப் போய்ச் சேரும், ஆபீஸ் கம்ப்யூட்டரிலும் தெரியும். மனிதர் ஒரே நாளில் கற்றுக்கொண்டார். அதோடு விட்டாரா? காலை பத்து மணிக்கு ஆரம்பித்தால் சாயங்காலம்வரை ஓயமாட்டார். 'சாப்டியா.' 'கரண்ட் போச்சு.' 'எதிர்வீட்டு மாடியில புதுசா குடி வந்திருக்கா.'

ஜூன் மாதத்தில் ஒரு நாள் வாடிக்கையாளர்களுக்குத் திரையில் எதையோ விளக்கிக்கொண்டிருந்தாள். அவளுடைய டீம் லீட் நிகிலும் கூட இருந்தான். திரையின் ஓரத்தில், எல்லாரும் பார்க்க, எட்டிப் பார்த்தது அப்பாவின் செய்தி: 'முனியம்மா ரசத்துல உப்பே இல்ல.' எல்லாரும் சிரித்தார்கள். ரோஹிணிக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்று சாயங்காலம் செருப்பைக்கூடக் கழற்றாமல் கத்தினாள். "நான் ஆபீஸ்ல வேலை பாக்கறதா, உங்க ரசத்தைப் பாக்கறதா? அவசரம்னா மட்டும் அனுப்புங்கப்பா."

அவர் தலையை ஆட்டினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கத்தைத் திருத்தினாள். எழுத்தைப் பெரிதாக்க ஒரு பட்டன் சேர்த்ததில் டூல்பாரில் இடம் போதவில்லை. எந்தப் பட்டனை வேண்டுமானாலும் உள்ளே தள்ளியிருக்கலாம். அவள் தள்ளியது 'ரோஹிணி'யை. இடம் இல்லாததால்தான் என்று அவள் சொல்லிக்கொண்டது பாதிதான் உண்மை. "மூணு புள்ளியைத் தொட்டா என் பேர் வரும்பா" என்று தன் விரலால் ஒருமுறை தொட்டுக் காட்டினாள்.

மறுநாளிலிருந்து ஒரு செய்தியும் இல்லை. முதலில் நிம்மதியாக இருந்தது. ஒரு வாரம் போனதும் உறுத்தியது. வாத்தியார் வீம்பு என்று நினைத்தாள். அந்த வீம்பு அவளுக்கும் இருந்தது, அவரிடமிருந்து வந்ததுதானே. சாயங்காலம் வீடு திரும்பினால் அந்த ஆண்குரல் 'தண்ணி' என்னும், 'போதும்' என்னும். அதற்குமேல் அவரும் பேசவில்லை, அவளும் கேட்கவில்லை.

முனியம்மா ஒரு நாள் காலையில் சொன்னாள். "ஐயா நாள் பூரா அந்தப் பொட்டியத்தான் தட்டிகினு கீறாரும்மா. நான் கிட்ட போனா வேணாம்னு கைய ஆட்றாரு."

"பொழுது போகட்டும், விடுங்க" என்றாள் ரோஹிணி. கேம்ப் ரோடு நிறுத்தத்துக்குக் கம்பெனி பஸ் வரும் நேரம்.

ஆகஸ்டில் ஆபீஸுக்கு ஒரு புகார் வந்தது. வயதானவர்கள் தொட்டால் மெனு விரிந்த வேகத்தில் மூடிக்கொள்கிறதாம். ரோஹிணி ஒரே நாளில் காரணத்தைப் பிடித்துவிட்டாள். நடுங்கும் விரல் ஒரு தடவை தொடுவதாக நினைத்து இரண்டு தடவை தொடுகிறது, இரண்டாவது தடவை வெளியே படுகிறது. ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்வரை கம்பெனிச் செயலியின் மெனு மூடாதபடி மாற்றினாள். நிகில் எல்லார் முன்னாலும் அவளைப் பாராட்டினான். வீட்டில் ஒரு நடுங்கும் விரல் இருப்பது அவளுக்கு நினைவு வரவில்லை. வந்திருக்க வேண்டும், வரவில்லை.

அக்டோபரில் இரண்டாவது பக்கவாதம். ஸ்ரீரங்கன் தூக்கத்திலேயே போய்விட்டார்.

பதின்மூன்று நாள் காரியம் முடியும்வரை அவளை அரித்தது ஒன்றுதான். அப்பா கோபத்தோடேயே போய்விட்டார். துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் அதைச் சொல்லி அழுதாள்.

பதினான்காம் நாள் டேப்லெட்டைத் துடைத்து வைக்க எடுத்தாள். மூன்று புள்ளியின் ஓரத்தில் மட்டும் கண்ணாடி மங்கியிருந்தது. அவர் எழுதுவது தவறிப்போகக்கூடாது என்று, அனுப்பாததையும் தேதியோடு சேமிக்கும்படி செய்திருந்தாள். திறந்து பார்த்தாள். ஜூன் கடைசியிலிருந்து எல்லாம் அப்படியே இருந்தது.

'சாப்டியா.'

'பட்டன் வர மாட்டேங்கறது.'

'இருட்டிண்டு வரது. குடை எடுத்துண்டு போனியா.'

'பட்டனை நீயே எடுத்துட்டியாம்மா. சரி. கோவம் வேண்டாம்.'

இது ஜூலை இரண்டாம் வாரம். அதற்குப் பிறகும் அவர் விடவில்லை. சாப்பிட்டாயா, குடை இருக்கிறதா, பஸ் கிடைத்ததா என்று கடைசி நாள்வரை எழுதியிருந்தார். ஒன்றில்கூடக் கோபம் இல்லை. கோபம் அவளுக்குத்தான் என்று அவர் நினைத்திருக்கிறார். மெனு எத்தனை தடவை திறந்தது என்பதும் பதிவாகியிருந்தது. கடைசி நாளில் மட்டும் நாற்பத்தொரு தடவை. எதையும் தேர்ந்தெடுக்கவில்லை என்று அதன் கீழே இருந்தது.

அந்தக் குடைச் செய்தியையாவது தன் போனுக்கு அனுப்பிக்கொள்ளலாம் என்று மூன்று புள்ளியைத் தொட்டாள். அழுகையில் கை நிலைகொள்ளவில்லை. அவள் பெயர் ஒரு கணம் தெரிந்து மறைந்தது. மறுபடி தொட்டாள். மறுபடி மறைந்தது.

துணிமணிகளை மடித்துக்கொண்டிருந்த முனியம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"இப்டித்தாம்மா" என்றாள். "அவருக்கும் இப்டியேதான் மூடிக்கும்."