மஞ்சள் தண்ணி தெளிச்ச வைஃபை பெட்டி

இதை எழுதணும்னு நினைச்சு மூணு வருஷம் ஆகுது. ஒவ்வொரு தடவையும் வெட்கம் தடுத்துடும்.

ஏரிக்கு நடுவுல தீவா இருக்கிற பசியாவரத்துல எங்க பக்கம் செல்போன் டவர் எடுக்காது. தெருவுலயே நெட் இருந்தது எங்க வீட்டுல மட்டும்தான். வைஃபை பெட்டி கம்பெனியோடது, மாச வாடகை. "சும்மா கிடக்கிற பெட்டிக்கு வாடகை வாங்க வெட்கமா இல்ல?"னு நெட் லைன்காரரைத் திட்டித் திருப்பிக் கொடுத்துட்டு, மீஞ்சூர்ல சொந்தமா ஒண்ணு வாங்கி மாட்டினேன்.

புது வலைக்கு மஞ்சள் தண்ணி தெளிக்காம நாங்க கடல்ல இறக்க மாட்டோம். அதே பக்தியில பெட்டி மேலயும் தெளிச்சேன். எரிஞ்ச லைட்டு டக்குனு அணைஞ்சுது.

அன்னிக்கு மத்தியானமே காத்து மாறிச்சு. என் வீட்டுக்காரரும் இன்னும் ரெண்டு பேரும் ஒரே படகுல கடல்ல இருந்தாங்க. கரையேறினா நெட் வழியா என் போனுக்குத்தான் பேசுவாங்க. அந்த ரெண்டு பேர் சம்சாரமும் என் வீட்டுக்கு ஓடி வந்தாங்க.

"இன்னாக்கா, பேசினாங்களா?"

"மஞ்சள் தண்ணி தெளிச்சேன், பெட்டி செத்துப்போச்சுடி."

"சாமி கும்பிட உனக்கு வேற பொருளே கெடைக்கலையா?"

ரெண்டு பேரும் அழுதாங்க. எனக்கு அம்மன் படத்தைப் பார்க்கவே பயமா இருந்துது.

சாயங்காலம் லைன்காரர் அந்தக் காத்துலயும் படகேறி, பழைய பெட்டியோட வந்தார். "ஆபீஸ்ல பார்த்தா உங்க லைன் கட்டாயிருந்துது. ஆம்பளைங்க கடல்ல இருப்பாங்களேனு வந்தேம்மா"னு சொன்னார். மாட்டின கொஞ்ச நேரத்துல போன் அடிச்சுது. வேற கரையில ஏறிட்டாங்களாம்.

அவங்களைக் கரையேத்தினது அம்மன்தான். ஆனா ரெண்டு பொண்ணுங்க அழுததுக்கு அம்மனைச் சாட்ட முடியாது, அது என் கை செஞ்சது. யாருக்காவது சொன்னா, என் தப்பைக் குறைக்காம அப்படியே சொல்லுங்க.