கோகிலா வரைந்த குண்டு மயில்

கணக்குப் போடுவதற்கென்று யாரோ புண்ணியவான்கள் உண்டாக்கி ஊருக்கே இலவசமாகக் கொடுத்த மென்பொருளில் மயில் வரைகிறவள் எங்கள் சங்கரன்கோவிலில் ஒருத்தி இருக்கிறாள். பெயர் கோகிலா. வெள்ளத்துரை அண்ணாச்சியின் விசைத்தறிக் கூடத்தில் தார் சுற்றிக்கொண்டிருந்தவள். தறியில் குறுக்கே ஓடுகிற நூலைச் சின்னக் கட்டையில் சுற்றித் தருகிற வேலை அது. நாள் முழுக்கச் சுற்றினாலும் அவள் சுற்றியது என்று ஒரு சேலையையும் காட்ட முடியாது.

நான் அந்தக் கூடத்துச் சேலைகளை வாங்கி விற்கிற ஜவுளிக்கடைக்காரன். என் கடைக் கம்ப்யூட்டரிலும் அதே மென்பொருள்தான் இருக்கிறது. ஒரு பக்கம் கூட்டிப் போடுவதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிடும். அதில் இவள் இறகு இறகாக வரைகிறாள் என்றால் எனக்குக் கொஞ்சம் பொறாமை உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும்.

பக்கத்துத் தெரு பிரவுசிங் சென்டரை மூடியபோது, பழைய கம்ப்யூட்டர் ஒன்றை அவள் புருஷன் இசக்கிராஜா சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தான். படம் பார்க்கலாம் என்பது அவன் ஆசை. அதில் ‘லிப்ரே ஆபீஸ்’ என்று, நான் சொன்ன அந்தக் கணக்கு மென்பொருள் இருந்தது. கோகிலா திறந்து பார்த்தாள். திரை முழுக்கக் கட்டம் கட்டமாக விரிந்தது.

“இது நம்ம டிசைன் பேப்பருல்லா!” என்றாளாம்.

சேலைக் கரைக்கு டிசைன் போடுகிறவர்கள் கட்டத்தாளில்தான் புள்ளி வைப்பார்கள். நெடுக்கு வரிசை பாவு நூல், குறுக்கு வரிசை ஊடை நூல். கோகிலா அதையே திரையில் செய்தாள். கட்டத்தில் ஒன்று என்று அடித்தால் அது தானாக நீலமாகும்படி அமைத்துக்கொண்டாள். ஒரு நூல் குறுக்கு நூலில் பிடிபடாமல் ரொம்ப தூரம் ஓடினால் அந்த இடம் சிவக்கும். பாதிப் பூ வரைந்தால் போதும், மறுபாதியைச் சூத்திரம் போட்டுக் கண்ணாடிபோல் கொண்டுவந்துவிடுவாள். இதற்கென்றே விற்கிற மென்பொருளின் விலையைக் கேட்டால் நமக்கு மயக்கம் வரும். இதற்குக் காலணா கிடையாது.

அதற்காகக் குறையே இல்லை என்று சொன்னால் நான் பொய்யன். எந்த நூல் எழும்பவேண்டும் என்று தறிக்குச் சொல்கிற ஜக்காடு அட்டையில் டிசைனைத் துளையாகக் குத்தவேண்டும். அந்த வேலைக்கென்றே விற்கிற மென்பொருள் குத்துகிற மிஷினோடு நேரே பேசும், இது பேசாது. தாள் தாளாக அச்செடுத்து, ஒட்டி, அட்டை குத்துகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து வரிவரியாக வாசிக்கவேண்டும். கட்டங்கள் பெருகினால் அந்தப் பழைய கம்ப்யூட்டர் மூச்சு வாங்கும். நடுவில் கரண்ட் போய்விடும். திரும்ப வந்ததும், விட்டுப்போனதை மீட்டுத் தரட்டுமா என்று அது கேட்கும்போது, “தாயி, குடு” என்று திரையைப் பார்த்துக் கும்பிடுவாள்.

வெள்ளத்துரை அண்ணாச்சிக்கு டிசைன் சேலத்தில் ஒருவரிடமிருந்து வந்துகொண்டிருந்தது. அந்த மனுஷன் நினைத்தால்தான் போனை எடுப்பார். எங்கள் ஊர்த் திருவிழா ஆடித்தபசு நெருங்கிவிட்டது, டிசைன் வந்தபாடில்லை. அண்ணாச்சி வேறு வழியில்லாமல் கோகிலாவைக் கூப்பிட்டார்.

“ஏட்டி, மயில் கரை ஒண்ணு போடு. சரியா வந்தா இனிமே நம்ம கூடத்துக்கு டிசைன் பூரா நீதான். இல்லன்னா கம்ப்யூட்டர மறந்துட்டு ஒழுங்கா தாரு சுத்து. என்ன?”

“சரி அண்ணாச்சி” என்றாள். அன்றைக்கு அவள் முகத்தைப் பார்த்திருக்கவேண்டும், காலேஜில் சீட் கிடைத்த பிள்ளைபோல இருந்தது.

வரைந்தாள். கரை சேலையின் நீளத்தில் ஓடுவதால் மயில் திரையில் படுத்துக்கொண்டிருக்கும். சேலையைத் திருப்பிப் பிடித்தால்தான் எழுந்து நிற்கும். அச்செடுத்த தாளை எனக்கும் காட்டினாள். மெலிந்த கழுத்து, நீண்ட தோகை, கண் பட்டுவிடும் அழகு. அட்டையைக் குத்தித் தறியில் ஏற்றிவிட்டு, இளையரசனேந்தலில் அம்மா வீட்டுக் கோயில் கொடை விழாவுக்குப் போனாள். அண்ணாச்சியும் வேலையாகப் புளியங்குடிக்குப் போய்விட்டார். தறியோட்டுகிற மாரிசெல்வம் மட்டும் இருந்தான்.

மூன்றாம் நாள் இருவரும் திரும்பிவந்தபோது பன்னிரண்டு சேலைகள் அறுத்து மடித்துக் கிடந்தன. கோகிலா ஓடிப்போய் ஒன்றை விரித்தாள். கரை நெடுக வரிசையாகப் பறவைகள். கழுத்து குட்டை, வயிறு பெருத்து, தோகை பக்கவாட்டில் இழுபட்டு, கொண்டையோடு நடந்துபோயின.

“ஏலே, மயில் இப்படி வந்திருக்கே, நிறுத்தவேண்டாமால?” என்று அண்ணாச்சி கத்தினார்.

“மயிலா? கோழின்னுல்லா நெனச்சேன். கோழி நல்லாத்தான இருக்குன்னு ஓட்டிட்டேன்” என்றான் மாரிசெல்வம்.

கூடமே சிரித்தது. சரக்கெடுக்கப் போயிருந்த நானும் சிரித்தேன், சிரிக்காமல் எப்படி? கோகிலா மட்டும் சிரிக்கவில்லை. நூல் எண்ணுகிற லென்ஸை எடுத்துத் துணிமேல் வைத்து எண்ணினாள். அகலவாக்கில் ஒரு அங்குலத்துக்கு எழுபத்தாறு நூல், நீளவாக்கில் அறுபதுதான். திரையில் சதுரமாக இருந்த கட்டம் துணியில் நீளவாக்கில் இழுபட்டு, படுத்திருந்த மயிலைப் பருக்கவைத்திருந்தது. கட்டத்தைக் காட்டுவதுதான் அந்த மென்பொருளின் வேலை. நூல் நெருக்கத்தை அதற்கு நாம்தான் சொல்லவேண்டும், அவள் சொல்லவில்லை.

“இன்னும் ஒரு தடவ தாங்க அண்ணாச்சி” என்றாள். கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை.

“ஒரே ஒரு தடவதான்.”

அன்றைக்கே கோழி அட்டைகளையெல்லாம் அள்ளி அடுப்பில் போட்டாள். வரிசைகளின் உயரத்தைத் துணியின் கணக்குக்குக் கூட்டினாள். திரையிலேயே மயில் கோழியானது. அதைப் பார்த்துப் பார்த்து மயிலாக்கி, பழைய கோப்பின் மேலேயே சேமித்தாள். பழைய வடிவத்தைத் தனியாக வைத்துக்கொள்ளவும் அதில் வசதி உண்டாம். அவள் அதைத் தொடவில்லை.

இரண்டாவது மயில் தறியிலிருந்து இறங்கியபோது யாரும் சிரிக்கவில்லை. எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. அண்ணாச்சி தடவிப் பார்த்துவிட்டு, “தபசுக்கு விக்கட்டும், பாப்போம்” என்று சொல்லிப் போய்விட்டார். மனுஷனுக்கு வாய் நிறைய ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும்? கோகிலா மறுபடி தார் மிஷினில் போய் உட்கார்ந்தாள்.

என் கடையில் மயிலை முன்னால் அடுக்கினேன். கூடவே வந்த கோழிச் சேலைகளை மூலையில் போட்டேன். சிவகிரியிலிருந்து வந்த அக்கா தங்கை இரண்டு பேர் மூலைக்கே போனார்கள்.

“அண்ணாச்சி, இந்தக் கோழிச் சேல என்ன வில? பாக்கவே சிரிப்பாணி வருது!” என்று என்னைக் கேட்டார்கள்.

ஆளுக்கொன்று எடுத்தார்கள். அவர்கள் போய்ச் சொல்லி இன்னும் நாலு பேர் வந்தார்கள். மறுநாள் சாயங்காலத்துக்குள் பன்னிரண்டும் போய், இன்னும் இருக்கிறதா என்று கேட்டு ஆள் வந்தது. மயிலும் விற்றது, ஆனால் நிதானமாக. நான் அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். அவர் என்னையும் இழுத்துக்கொண்டு தார் மிஷினுக்கு வந்தார்.

“ஏட்டி கோகிலா, அந்தப் பழைய மயில் அட்ட எங்க?”

“எரிச்சிட்டேன்.”

“கம்ப்யூட்டர்ல இருக்கும்லா?”

“அதுக்கு மேலதான் புதுச திருத்தி வச்சேன். போச்சி.”

“அப்ப மறுபடி அதே மாதிரி தப்பா போட்டுக் குடு. டிசைன் வேல ஒனக்குத்தான், இப்பமே சொல்லுதேன்.”

கோகிலா மிஷினை நிறுத்தினாள். இந்த வார்த்தைக்காகத்தானே அவள் அத்தனை நாள் காத்திருந்தது? சரி என்று தலையாட்டிவிடுவாள் என்று நினைத்தேன்.

“தப்பா போட்டதுக்கு வேல தாறியளா அண்ணாச்சி? எனக்கு வேண்டாம். கோழிதான வேணும்? கோழியவே வரஞ்சி தாரேன், குஞ்சோட சேத்து. ஆனா என் மயில் மயிலாத்தான் தறியில ஏறணும். அது நல்லா வந்திருக்குன்னு சொல்லி வேல தருவியன்னா தாங்க.”

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். அவர் மீசையைத் தடவிக்கொண்டார்.

“மயில் நல்லாத்தாம்ட்டி வந்திருக்கு” என்றார் கடைசியில். பிறகு கூடத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தார்:

“ஏலே மாரிசெல்வம், நாளைலருந்து தாரு சுத்த ஒரு ஆளு பாருல.”