ஆம்பூர் பாலாற்றில் ஓர் அரைசதம்

எனக்குக் கிரிக்கெட் பிடிக்காது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிப்ரவரி கடைசி ஞாயிறு நான் ஆம்பூர் போனது பிரியாணிக்காக. கூடவே, எங்கள் ஷூ ஏற்றுமதி அலுவலகத்துக்கு இங்கிலாந்திலிருந்து வந்திருந்த மார்ட்டினுக்கு ஊரைக் காட்டவும்.

சென்னை சென்ட்ரலில் காலை ஏழே முக்காலுக்கு ரயில். இரண்டாம் வகுப்பு இருக்கை 85 ரூபாய், இரண்டே முக்கால் மணி நேரம். காட்பாடி வரும்வரை மார்ட்டின் தன் கிரிக்கெட் வாழ்க்கையைச் சொல்லிக்கொண்டு வந்தார். பல்கலைக்கழக அணியில் மூன்று வருடம், பிறகு கவுண்டி கிரிக்கெட்டின் கீழ்மட்ட அணியொன்றில் ஆறு வருடம். மொத்தத்தில் ஓர் அரைசதம்கூட இல்லை. அதிகபட்சம் 49. அதுவும் எதிர்முனைக்காரர் ஓட மறுத்ததால் ரன் அவுட்! இப்போது வயது அறுபத்தொன்று, ஏப்ரலில் முழங்கால் ஆபரேஷன். "அப்புறம் மட்டையைத் தொட டாக்டர் விடமாட்டார்" என்று சிரித்தார். சிரித்தாரே தவிர, குடியாத்தம் தாண்டும்வரை முழங்காலைத் தடவிக்கொண்டே வந்தார்.

ஸ்டேஷன் வாசலில் சலீம் என்பவரின் ஆட்டோவைப் பிடித்தோம். பிரியாணிக் கடைக்கு 60 ரூபாய். வழியில் மார்ட்டினின் 49-ஐ நான் உளறிவைக்க, வண்டி பாலாற்றுப் பக்கம் திரும்பிவிட்டது.

"பிரியாணி எங்கியும் போய்டாதுக்கா. ஷூ ஃபேக்டரி ஆளுங்க மேட்ச் இருக்குது, நானும் ஆடப் போறேன். சாரும் ஆடட்டும்."

தண்ணீரில்லாத ஆற்று மணலில் கட்டிங் செக்‌ஷனுக்கும் தையல் செக்‌ஷனுக்கும் போட்டி. ரப்பர் பந்து. தோல் ஊரில் தோல் பந்து இல்லையா என்று மார்ட்டின் கேட்டதைச் சொன்னேன். "இவங்களுக்கு வாரம் ஆறு நாளும் தோலுதான், இன்னிக்காவது லீவு குடுங்க சார்" என்றார் சலீம்.

சலீம் கட்டிங் பக்கம் சேர, பக்கத்துக்கு எட்டுப் பேர் ஆனார்கள். மிஞ்சிய மார்ட்டினை 'காமன்' ஆக்கினார்கள். அதாவது இரண்டு அணிக்கும் மட்டை பிடிக்கலாம். முழங்கால் வலிக்காரருக்குப் பதிலாக ஓட ஓர் ஆள் வேண்டும். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

கட்டிங்குக்கு 31 அடித்துக் கேட்ச் கொடுத்தார். பாதிக்குமேல் பவுண்டரி, நான் பிழைத்தேன். அடுத்து தையலுக்கு ஆடி 18 எடுத்தபோது, ஷூ பெட்டி மூடியில் ஸ்கோர் எழுதிக்கொண்டிருந்த தையல் செக்‌ஷன் பர்வீன் கத்தினாள்.

"அம்பதுக்கு இன்னும் ஒண்ணுதான்! காமனுக்கு ரெண்டு ஆட்டமும் ஒரே ஸ்கோர்க்கா. எங்க ரூல் அது."

மொழிபெயர்த்தேன். மார்ட்டினின் முகம் வெளுத்துவிட்டது. அடுத்த பந்தைத் தட்டினார், நேரே சலீமிடம் போனது. சலீம் வேண்டுமென்றே அதை நழுவவிட்டார். நான் பாதி தூரம் ஓடிவிட்டேன். மார்ட்டின் கையை நீட்டி என்னைத் திருப்பி அனுப்பினார். "இப்படி வேண்டாம். ஒழுங்காக ஆடச் சொல்லு."

அடுத்த பந்து இடது பக்கம் போனது. அவர் "ரன்!" என்பதற்குள் கிளம்பிவிட்டேன். செருப்பு இரண்டும் மணலிலேயே தங்கிவிட்டன. சலீம் இந்த முறை உயிரைக் கொடுத்து எறிந்தார், ஸ்டம்ப் பறந்தது. நான் குப்புற விழுந்து கிடந்தேன், கை கோட்டுக்குள்ளே. அம்பயர் குனிந்து பார்த்து "நாட் அவுட்" என்றார்.

மார்ட்டின் அழுதேவிட்டார். நானும்தான். அவ்வளவு சந்தோஷம்.

போகிறவர்களுக்கு: பன்னிரண்டு மணிக்கே கடைக்குப் போய்விடுங்கள். இரண்டரைக்குப் போன எங்களுக்கு மட்டன் தீர்ந்து சிக்கன் பிரியாணிதான் கிடைத்தது, 160 ரூபாய், தொட்டுக்கொள்ளக் கொடுத்த கத்திரிக்காய் அபாரம். காலுக்கு ஷூ போட்டுக்கொள்ளுங்கள். ஷூ ஊரிலேயே வெறுங்காலோடு ஓடியவள் சொல்கிறேன்.

ஸ்கோர் எழுதிய அந்த மூடியைப் பர்வீன் மார்ட்டினுக்கே கொடுத்துவிட்டாள். திரும்பும் ரயிலில் அவர் அதை என்னிடம் நீட்டி, 50-க்குப் பக்கத்தில் என் பெயரைத் தமிழில் எழுதச் சொன்னார்.

"அந்த 49-இல் ஓடாதவன் பெயரை முப்பத்தைந்து வருடமாக ஞாபகம் வைத்திருக்கிறேன்" என்றார். "ஓடினவள் பெயரும் இருக்கட்டும்."