மாமா கோல் காத்த தீவு

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு கால்பந்தாட்டங்கள் நடக்கும். காலையில் ஹோலில் அப்பாவின் பெரிய டிவியில் இங்கிலாந்து லீக். பின்னேரம் பேஸ்மென்டில், மாமாவின் லப்டொப்பில், கரிபியன் கடலில் இருக்கும் ஒரு சின்னத் தீவின் லீக். அப்பா பார்த்ததில் புல்கூடப் பளபளவென்று இருக்கும். மாமா பார்த்ததை யாரோ ஒருவர் போனில் படம்பிடித்துக்கொண்டு நிற்பார். காற்றடித்தால் ஒன்றும் கேட்காது. அவருக்குக் கை உளைந்தால் கொஞ்ச நேரம் வானம் மட்டும் தெரியும்.

அது அந்தத் தீவின் முதற்பிரிவு லீக். இரண்டாம் பிரிவு என்று ஒன்று அங்கே இல்லை. மொத்தமே ஏழெட்டு அணிகள், எல்லோருக்கும் ஒரே மைதானம். ஆசிரியர்களுக்கு ஓர் அணி, மீனவர்களுக்கு ஓர் அணி, போலீசாருக்கு ஓர் அணி. கனடாவுக்கு வரும் வழியில், காசு வாங்கிக் களவாக ஆளனுப்பும் ஏஜென்சிக்காரன் தன்னை அந்தத் தீவில் விட்டுவிட்டு மறைந்துபோனதாகவும், அங்கே மாட்டுப்பட்டிருந்த காலத்தில் மீனவர் அணிக்குத் தான் கோல் காத்ததாகவும் மாமா சொல்வார்.

வீட்டில் யாரும் நம்பவில்லை. மாமாவுக்கு அப்போதே வயிறு முன்தள்ளி வண்டி வைத்துவிட்டது. பேஸ்மென்ட் படியேறி வந்தால் மூச்சு வாங்கும்.

"உது லீக்கே? எங்கடை ஊர்ச் சங்கத்தின்ரை விளையாட்டுப் போட்டிக்கு இதைவிடச் சனம் வரும்," என்பார் அப்பா. அம்மாவோ தன் தம்பியை விட்டுக்கொடுக்கவும் முடியாமல் நம்பவும் முடியாமல் சட்டிகளைச் சத்தமாகக் கழுவுவார்.

நம்பிய ஒரே ஆள் நான். எனக்கு எட்டு வயது. மாமாவுடன் பேஸ்மென்டில் உட்கார்ந்து ஓர் ஆட்டம் விடாமல் பார்ப்பேன். மாமா ஒரு நாட்டின் முதற்பிரிவில் விளையாடியவர் என்று வகுப்பு முழுக்கச் சொல்லியிருந்தேன். அதைக் கேட்ட ஆசிரியை என்னைப் பள்ளி அணிக்குக் கோல் காக்க நிறுத்தினார். நான் பந்தைக் கண்டால் கண்ணை மூடுகிறவள் என்பது அவருக்குப் பிறகுதான் தெரிந்தது.

அந்த செப்டெம்பரில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கனடாவில் அஜின்கோர்ட்டில் இருந்த எங்கள் வீட்டுக் கதவை யாரோ தட்டினார்கள். நானும் அப்பாவும் போய்த் திறந்தோம். உயரமான கறுப்பினத்தவர் ஒருவர், தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றார். தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. பீட்டர் இருக்கிறாரா என்று ஆங்கிலத்தில் கேட்டார். அப்படி இங்கே ஒருவரும் இல்லை என்றேன் நான். அடுத்த வீட்டில் கேட்டுப்பாருங்கள் என்றார் அப்பா. அவரும் மன்னிப்புக் கேட்டுவிட்டுத் திரும்பினார்.

பேஸ்மென்ட் படிகளில் தடதடவென்று சத்தம் கேட்டது. மாமா அவ்வளவு வேகமாக ஓடி நான் கண்டதில்லை.

"அத்தான், அது என்னைத்தான்," என்றார்.

வாசலிலேயே இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். வந்தவர் மீனவர் அணியின் கப்டன். கனடாவிலேயே விட்பியில் இருக்கும் மகளிடம் வந்திருந்தார். ஆட்டம் ஒளிபரப்பாகும் இணையப் பக்கத்தில் மாமா பீட்டர் என்ற பெயரில் வாராவாரம் எழுதும் வாழ்த்துகளைப் பார்த்து, அதன்மூலம் விலாசம் கேட்டு வாங்கியிருக்கிறார்; வரும் நாளை மட்டும் சொல்லவில்லை. ஏஜென்சிக்காரன் கொடுத்த கள்ளப் பாஸ்போர்ட்டில் மாமாவின் பெயர் பீட்டர். அந்தத் தீவில் எல்லோருக்கும் அவர் பீட்டர்தான்.

அம்மா அன்றைக்கு நண்டுக் கறி வைத்திருந்தார். கப்டன் எங்களைப் போலவே கையால் சாப்பிட்டார். அப்பா சும்மா இருப்பாரா? இவன் உண்மையிலேயே கோல் காத்தவனா என்று கேட்டார். ஓம், பயமில்லாத ஆள், பந்தைவிட எதிராளிகளின் கால்களைத்தான் நன்றாகப் பிடிப்பான் என்றார் கப்டன். அப்பாவுக்குப் பரம திருப்தி.

பிறகு கப்டன் மாமாவின் கடைசி ஆட்டத்தைப் பற்றிச் சொன்னார். எதிரணி போலீஸ். இடைவேளை வரை இரண்டு பக்கமும் கோல் இல்லை. தண்ணீர் குடிக்கும்போது போலீஸ் அணிக்காரர் ஒருவர் கப்டனின் பக்கத்தில் வந்து நின்று, சப்பாத்துக் கயிற்றைக் கட்டுவதுபோலக் குனிந்தாராம். வேலிக்கு வெளியே நிற்பது குடிவரவுக்காரர்கள், ஆட்டம் முடிந்ததும் உங்கள் கோல்காப்பாளரைக் கொண்டுபோகப் போகிறார்கள், ஊருக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாராம்.

உடுப்பு மாற்றும் கொட்டிலில் கப்டன் மாமாவின் பச்சைச் சட்டையையும் கையுறையையும் வாங்கிப் போட்டுக்கொண்டார். தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டு கோலுக்குள் போய் நின்றார். பின்பக்கத்தால் இறங்கிய மாமா, கப்டனின் தம்பியின் மீன்பிடிப் படகில் அடுத்த தீவுக்குப் போய்க்கொண்டிருந்தார். வேலிக்கு வெளியே நின்றவர்கள் பச்சைச் சட்டையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. மீனவர் அணியில் ஓர் ஆள் குறைவதை நடுவர் எண்ணிப் பார்த்தார். பிறகு விசிலை ஊதி ஆட்டத்தைத் தொடங்கினார்.

"பிறகு எத்தினை கோல் விழுந்தது?" மாமா ஆங்கிலத்தை மறந்து தமிழில் கேட்டார். பிறகு ஆங்கிலத்தில் திரும்பக் கேட்டார். இத்தனை வருடமும் அது அவருக்குத் தெரியாது.

ஒன்பது, என்று சிரித்துக்கொண்டே சொன்னார் கப்டன். அவர் முன்வரிசை ஆட்டக்காரர், வாழ்க்கையில் அதற்கு முன் கோலுக்குள் நின்றதே இல்லையாம். வந்து சொன்ன போலீஸ்காரரே இரண்டு அடித்தாராம்.

அப்பா சிரிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்தினார். எழுந்து, பெரிய நண்டுக் காலாகப் பார்த்து எடுத்துக் கப்டனின் சாப்பாட்டுக் கோப்பையில் தன் கையால் வைத்தார். மாமா தன் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குத்தான் தாங்கவில்லை. "நீங்கள் நிண்டிருந்தால் தோத்திருக்க மாட்டியள் மாமா. ஏன் பாதியிலை வந்தனீங்கள்?" என்று கேட்டேன்.

"வாயை மூடு பிள்ளை," என்றார் அம்மா. தம்பியின் கோப்பையில் இன்னும் சோறு போட்டார்.

நான் சொன்னது என்ன என்று கப்டன் கேட்டார். மாமா மொழிபெயர்த்துச் சொன்னார். கப்டன் என்னைப் பார்த்து மிகவும் மரியாதையாகத் தலையாட்டி, நீ சொல்வது சரி, பீட்டர் நின்றிருந்தால் நாங்கள் தோற்றிருக்க மாட்டோம் என்றார்.

அது எனக்குப் போதுமாக இருந்தது. மறுநாள் வகுப்பில், மாமா பாதியில் போனதால்தான் அவர் அணி தோற்றது, கப்டனே ஒத்துக்கொண்டார் என்று சொன்னேன். ஒன்பது கோல் வாங்கியதை ஒரு மனிதர் ஏன் அவ்வளவு சந்தோசமாகச் சொன்னார் என்பது மட்டும் எனக்கு விளங்கவில்லை.