எங்கே கசிந்தது என்று கேட்ட மாதையன்

மாதையன் கடைசியாகத் தொட்ட ஆம்பிளிஃபயர் நேற்று மாலை ஆய்வுக்கு எடுத்துச் செல்லப்பட்டது. மின் ஆய்வாளர் அலுவலக ஊழியர் ஒருவர் தொலைபேசியில் இதை உறுதி செய்தார். ஞாயிற்றுக்கிழமை காலை, பாப்பாரப்பட்டிக்கு அருகே ஒரு திருமண மண்டபத்தின் மேடையில் மின்சாரம் தாக்கி அவர் இறந்தார். எங்கள் நாளிதழின் பகுதி நிருபர் அனுப்பிய குறிப்பு இப்படித் தொடங்கியது: 'மண்டபத்தில் மின்கசிவு, மெக்கானிக் பலி.' மூன்றாவது வரியில்தான் பெயர் இருந்தது.

கீபோர்டு, கிட்டார் ஆம்பிளிஃபயர்களைப் பழுது பார்க்க அவரிடம் கொண்டுபோனவர்களுக்கு அவர் வேலை செய்யும் விதம் தெரியும். ஒரு பண்டிகைக் காலையில் சர்ச் பாடகர் குழுவினர், சத்தமே வராத பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். அப்போது நானும் கடையில் இருந்தேன். "சீக்கிரம் தொறங்கண்ணே" என்று அவசரப்படுத்தினார்கள். அவர் ஸ்க்ரூ டிரைவரைத் தொடவே இல்லை. "ஆஸ்பத்திரிக்குப் போன ஒடனே வயித்தக் கிழிப்பாங்களா? பொட்டியத் தொறக்கறது கடைசி வேலைங்க" என்று சிரித்தபடி கிட்டார் வயரை மாற்றிப் போட்டார். சத்தம் வந்தது. அறுந்திருந்தது வயர்தான்.

எல்லா இடத்திலும் அப்படிச் சிரித்துக்கொண்டிருக்க மாட்டார். தொப்பூர் பக்கம் ஒரு கோயில் விழாவில் ஆம்பிளிஃபயர் ஓயாமல் இரைந்தது. கச்சேரிக் குழுத் தலைவர் பிளக்கின் பெரிய பின்னை, அதாவது கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கும் எர்த் பின்னை, கட்டிங் பிளேயரால் ஒடித்துவிட்டார். நம் ஊர் மேடைகளில் இது பழகிப்போன வைத்தியம். இரைச்சலும் நின்றது. மாதையன் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு அதன் முன்னால் நின்றுகொண்டார். கூட்டம் கத்தத் தொடங்கியது.

"யோவ், எரைச்சல்தான் நின்னுடுச்சில்ல, இன்னும் என்னாய்யா?"

"எரைச்சல் நின்னுச்சுங்க. பாடறவங்க மூச்சும் நின்னுடக் கூடாதில்ல."

வேறு பிளக் மாட்டி, எல்லாப் பெட்டிகளுக்கும் ஒரே போர்டிலிருந்து கரண்ட் கொடுத்த பிறகுதான் சுவிட்சை விட்டு நகர்ந்தார். இரைச்சலும் திரும்ப வரவில்லை.

அப்படிப்பட்டவருக்கு ஞாயிறன்று என்ன நடந்தது? அன்று மேடையில் இருந்தவர் கீபோர்டு வாசிக்கும் எஸ்தர். அவர் என்னிடம் சொன்னது இது. அவர்கள் குழுவின் ஆம்பிளிஃபயர், மாதையன் முந்தின வாரம் பழுது பார்த்தது. காலையில் அது இரைந்ததால் அவரை அழைத்தார்கள். சுவரில் இருந்த பிளக் பாயின்ட்டின் மூன்று துளைகளையும் டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டு, வேறு வயர் எடுக்கத் தன் வண்டிக்குப் போனார். "அந்தக் கேப்புல அலங்கார லைட் போடறவரு எங்க பிளக்கப் பிடுங்கி, எர்த் இருக்கோ இல்லையோ, ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல சொருகிட்டாருங்க. அண்ணன் திரும்ப வந்து, தான் பார்த்த பிளக் பாயின்ட்டுதானேன்னு பொட்டியத் தொட்டாரு."

மண்டப மேலாளர் இதை மறுக்கிறார். "எக்ஸ்டென்ஷன் பாக்ஸே அங்க இல்லீங்க. அவரு ரிப்பேர் பண்ண பொட்டி, அவருக்கே அடிச்சிடுச்சு." காவல் நிலையத்தில், மேடையிலிருந்து கைப்பற்றிய பொருள்களின் பட்டியலைப் பார்த்தேன். ஆம்பிளிஃபயர் இருக்கிறது, டெஸ்டர் இருக்கிறது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இல்லை.

மேலாளரின் பேச்சு கடைவீதியில் பரவிவிட்டது. மூன்றாம் நாள் நான் துக்கம் கேட்கப் போயிருந்தபோது, மாதையன் பார்த்துக் கொடுத்த பெட்டிகளை இனி நம்பலாமா என்று இருவர் வாசலிலேயே பேசிக்கொண்டார்கள். அவர் மனைவி கோவிந்தம்மாளுக்கும் அது கேட்டது. "முப்பது வருசமா ஊரு மேடைக்கெல்லாம் காவலு நின்னாரு சார். இப்ப அவரு கைவேலையே அவரக் கொன்னுடுச்சுங்கறாங்க. செத்தவரு எழுந்து வந்து இல்லைன்னு சொல்லுவாரா?" என்றார்.

மாதையன் ஒருமுறை என்னையும் விடவில்லை. ஒரு கடை எரிந்த செய்தியில், வழக்கம்போல 'மின்கசிவு காரணமாக' என்று எழுதியிருந்தேன். டீக்கடையில் பேப்பரை மடித்து என் முன்னால் வைத்தார். "கசியறதுக்கு இது என்னா தண்ணித் தொட்டியா சார்? எங்க கசிஞ்சது, எது வழியா கசிஞ்சதுன்னு ஒரு வரி எழுதக் கூடாதா?" விசாரிக்க நேரமில்லை என்றேன். "அப்ப தெரியலைன்னு எழுதுங்க. அதுல பொய்யில்ல பாருங்க."

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த ஒரு பேச்சுதான். ஞாயிறு மாலை, அவருடைய மரணச் செய்தியில் 'மின்கசிவு' என்ற சொல்லை அடித்துவிட்டு, 'காரணம் இன்னும் தெரியவில்லை' என்று எழுதினேன்.

ஆய்வறிக்கை வெள்ளிக்கிழமை கிடைக்கும் என்று அலுவலகத்தில் சொல்கிறார்கள். வம்பு வேண்டாம், எதையும் பார்க்கவில்லை என்று சொல்லிவிடு என எஸ்தரிடம் அவருடைய குழுவினரே சொல்லியிருக்கிறார்கள். நாளை காலை பத்து மணிக்குக் காவல் நிலையத்தில், தான் பார்த்ததை அவர் எழுதிக் கொடுக்க வேண்டும். போவதாகத்தான் நேற்றுவரை சொன்னார். இன்று இரண்டு முறை அழைத்தேன். இன்னும் எடுக்கவில்லை.