பக்க எண் இல்லாத சேனாபதி

“என் நாவலுக்கு முதல் பக்கமும் கிடையாது, கடைசிப் பக்கமும் கிடையாது. சீட்டுக்கட்டு மாதிரி கலைச்சுப் போடு, எங்க வேணா ஆரம்பி. பக்க நம்பர் கேக்கிறவன் வாசகனே இல்ல, ஆடிட்டர்!”

அமெரிக்காவில் பிளெய்ன்ஸ்பரோ ஊர்த் தமிழர்களின் பொங்கல் விழாவில், சாப்பாட்டு வரிசையில் நின்றபடி சேனாபதி இப்படி முழங்கியபோது, பின்னால் தட்டோடு நின்ற மணியன், “லைன் மூவ் ஆகுது சார்” என்றார். அமெரிக்கச் சோதனை இலக்கியத்தின் மீது அந்த ஆண்டு வந்த ஒரே விமர்சனம் அதுதான்.

சேனாபதிக்கு ஐம்பத்து மூன்று வயது. பிறந்தது விருதுநகர், எழுதுவது ஆங்கிலம், பிழைப்பு ஒரு மருந்துக் கம்பெனியில். மாத்திரைப் பெட்டிக்குள் எட்டாக மடித்து வைத்திருக்கும் தாளை எழுதுபவர் அவர். அந்த வகையில் அவருடைய எழுத்து லட்சக்கணக்கான வீடுகளுக்குள் நுழைந்து, பிரிக்கப்படாமலே குப்பைக்குப் போயிருக்கிறது. மூலையில் ‘41இல் 3’ என்று பக்க எண் போடாத தாளை ஆபீசில் கையால் தொடமாட்டார்.

புரட்சியெல்லாம் வீட்டில்தான். விடியற்காலை ஐந்து மணிக்கு அப்பார்ட்மெண்டின் லாண்டரி அறைக்குப் போய், துணி உலர்த்த ஓடும் டிரையரின் மேல் அட்டைகளைப் பரப்பி எழுதுவார். அந்த அதிர்வு நடைக்கு நல்லதாம். பதினோரு வருடத்தில் நாவல் முடிந்தது: எழுபத்திரண்டு தனித்தனி அட்டைகள், ஒரு பெட்டி. இருநூறு பெட்டிகள் அச்சாயின. அநேகமாக எல்லாமே கட்டிலுக்கு அடியில் வாழ்கின்றன.

“வேக்வம் போட்டுக் கூட்ட முடியலங்க. இலக்கியத்தக் கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளுங்க” என்பார் மனைவி பவளம்.

“ஜஸ்ட் புட் இட் ஆன்லைன், அப்பா” என்பாள் மகள் வான்மதி, போனிலிருந்து தலையைத் தூக்காமல்.

ஒரே ஒரு பெட்டிக்கு மட்டும் நல்ல காலம். அது ஊர் நூலகத்தின் அலமாரியில் ஏறியது. ஆனால் அங்கே ஒரு விதி: மூன்று வருடம் யாருமே எடுக்காத புத்தகம் கீழே இறங்கிவிடும். கெடு ஜூன் கடைசி.

“என் கார்டுல எடுத்துட்டு வரட்டுமா?” என்றார் பவளம்.

“வேணாம். வீட்டு ஆளு எடுத்தா அது வாசிப்பு இல்ல, அனுதாபம்.”

இப்படிச் சொன்ன மனிதர் சனிக்கிழமைதோறும் பால் வாங்கக் கிளம்புவார். பால் கடை கிழக்கே. கார் போவது மேற்கே, நூலகத்துக்கு. பெட்டி இருக்கிறதா என்று பார்ப்பார், மேலே படிந்த தூசியை ஊதுவார், வந்துவிடுவார்.

ஜூன் கடைசிச் சனிக்கிழமை. அலமாரியில் பெட்டி இல்லை. சேனாபதி மேல்தட்டு, கீழ்த்தட்டு எல்லாம் தேடினார். கவுன்ட்டரில் விசாரித்தார், யாரோ விசாரிப்பதுபோல. அதை ஒருவர் எடுத்துப் போயிருந்தாராம். இப்போதுதான் திரும்பி வந்ததாம். நூலகப் பெண்மணி பெட்டியை நீட்டினார்.

மூலை மேசையில் உட்கார்ந்து திறந்தார். அட்டைகள் தாறுமாறாகக் கலைந்திருந்தன. ஒன்றில் காப்பிக் கறை. எல்லாவற்றுக்கும் மேல் ஒரு மஞ்சள் சீட்டு, முன்பின் தெரியாத கையெழுத்தில்: ‘மூன்று முறை முயன்றேன். எங்கே ஆரம்பிப்பது? கதையில் லாண்டரி அறையில் காத்திருந்த அந்தப் பெண் கடைசியில் யாரைப் பார்த்தாள்? தெரியாமல் தூக்கம் வரவில்லை.’

சேனாபதி அதை நான்கு தரம் படித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு அட்டைகளை அடுக்கத் தொடங்கினார். கை ஓரிடத்திலும் தயங்கவில்லை. பத்தே நிமிடத்தில் எழுபத்திரண்டும் வரிசைக்கு வந்துவிட்டன.

அக்கம்பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டு, பென்சிலை எடுத்து, முதல் அட்டையின் மூலையில் பொடி எழுத்தில் எழுதினார்: ‘72இல் 1.’