சித்திக்காக நான் பார்த்த படம்

நான் முதன்முதலாகச் சொன்ன சினிமா விமர்சனம், தண்டலத்திலிருந்து மண்ணூருக்கு வந்த ஷேர் ஆட்டோவின் பின்சீட்டில் சொன்னது. கேட்டவள் சித்தி ஒருத்திதான். இன்று கைப்பேசியில் எழுதிப் போடுகிறேன், நாலு பேர் படிக்கவும் செய்கிறார்கள். ஆனால் அவ்வளவு கவனமாக யாரும் என் பேச்சைக் கேட்டதில்லை. அப்போது நான் நாலாவது படித்துக்கொண்டிருந்தேன்.

சித்தி என் அம்மாவின் தங்கை. ஒரகடம் பக்கத்தில் ஒரு கம்பெனியில் லைன் வேலை. அவள் ஊருக்குள் கம்பெனி பஸ் வராது, மண்ணூருக்கு வரும் என்பதால் எங்களோடு தங்கியிருந்தாள். அப்பாவுக்கு வேறொரு கம்பெனி. வீடு என்றால் ஓர் அறையும் ஒரு சமையல்கட்டும்தான். இரண்டு பேருக்கும் ஒரே வாரத்தில் நைட் ஷிப்ட் விழுந்துவிட்டால், ஞாயிற்றுக்கிழமை காலையில் இருவரும் கண் சிவந்து வந்து சேருவார்கள். அப்பா அறைக்குள் போய்ப் படுத்துவிடுவார். அக்கா புருஷன் படுத்திருக்கிற அறையில் கல்யாணமாகாத பெண் போய்ப் படுக்கிற வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. சமையல்கட்டில் அம்மா கிரைண்டரைப் போட்டுவிட்டிருப்பாள். சித்தி குளித்துத் தலைவாரி, எனக்கும் பவுடர் போட்டு, "நாங்க சினிமாவுக்குப் போய்ட்டு வரோம்க்கா" என்று கிளம்பிவிடுவாள்.

அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. தங்கச்சியைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறேன் என்று பிறந்த வீட்டில் வாக்குக் கொடுத்துக் கூட்டிவந்தவள் அவள். இப்படி விழுந்தடித்துக்கொண்டு சினிமாவுக்கு ஓடுகிற பெண்ணுக்கு அங்கே எவனோ காத்திருக்கிறான் என்பது அவள் கணக்கு. என்னைக் கூட அனுப்பியதே காவலுக்குத்தான். அது போதாதென்று, சாயங்காலம் டீ குடிக்கும்போது சித்தி படத்தின் கதையை ஒன்றுவிடாமல் சொல்லியாக வேண்டும். சொல்லத் தெரியாமல் முழித்தால் அன்றோடு சினிமா நின்றுவிடும். இதை அம்மா கண்டிப்பாகச் சொல்லிவைத்திருந்தாள்.

இதில் ஒரு சின்னச் சிக்கல் இருந்தது. தியேட்டரில் விளக்கை அணைத்ததும் சித்தி தூங்கிவிடுவாள். ஏசி குளிருக்குத் துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு நாற்காலிக் கைப்பிடியில் கன்னத்தைச் சாய்த்தாளானால், படம் முடிந்து விளக்கு எரிகிறவரை அசைய மாட்டாள். இடைவேளையில் நான்தான் அவள் பர்சை எடுத்துப்போய்ப் பாப்கார்ன் வாங்கிவருவேன். டிக்கெட் எடுத்துவிட்டுத் தூங்குகிற ஒருத்தியை நினைத்து எனக்குப் பரிதாபமாக இருக்கும். சினிமாவை ரசிக்கத் தெரியாத ஜென்மம் என்று முடிவு கட்டியிருந்தேன். ஆக, இரண்டு பேருக்குமாகச் சேர்த்துப் படம் பார்ப்பது என் வேலை. வழியில் நான் சொல்வேன், அவள் மனப்பாடம் செய்வாள், வீட்டில் ஒப்பிப்பாள். நான் பார்த்த படத்தைவிட அவள் சொன்ன படம் எப்போதும் நன்றாக இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமைகளை நினைத்தால் இப்போதும் ஆசையாக இருக்கிறது.

அன்றைக்கு நாங்கள் போனது இங்கிலீஷிலிருந்து தமிழுக்கு மாற்றிய ஒரு சிரிப்புப் படம். இரண்டாம் பாகம். உலகத்தில் உள்ள பெரிய நடிகர்கள் எல்லோரும் கோட்டுப் போட்டுக்கொண்டு ஒரே படத்தில் வந்தார்கள். ஒவ்வொருவரும் தலைகாட்டும்போது விசில் பறந்தது. அவர்கள் ஏற்கெனவே பழகியவர்கள் போல எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டார்கள். முதல் பாகத்தை நான் பார்க்காததால், முன்பின் தெரியாதவர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போய் உட்கார்ந்ததுபோல இருந்தது. ஆனால் வெள்ளைக்காரர்கள் எங்கள் தெரு பாஷையிலேயே பேசியதால் எனக்குத் தைரியம் வந்துவிட்டது.

"அது ஒரு கம்பெனி சித்தி" என்று ஆட்டோவில் ஆரம்பித்தேன்.

எனக்கு அதில் சந்தேகமே இல்லை. ஜன்னல் இல்லாத பெரிய கூடம், பகலா ராத்திரியா என்று தெரியாத வெளிச்சம். வாசலில் செக்கிங், கூரை முழுக்கக் கேமரா. எல்லோரும் மேசையைச் சுற்றி நின்று வட்ட வட்டமான வில்லைகளை நகர்த்திக்கொண்டே இருந்தார்கள். கோட்டுப் போட்ட சூப்பர்வைசர்கள் பின்னால் நின்று அவர்கள் கையையே பார்த்தார்கள். முதலாளி ஓ.டி. செய்தவர்களுக்குக் காசு தராமல் ஏமாற்றிவிட்டான், அதனால் அவர்கள் ஒன்றுசேர்ந்து ஸ்டோர் ரூமைத் திறந்து எடுத்துக்கொண்டு, ஷிப்ட் விடுகிற கூட்டத்தோடு கூட்டமாக வெளியே வந்துவிட்டார்கள் என்று கதையை முடித்தேன். சிரிப்பு நிறைய இருக்கிறது, பாட்டுத்தான் இல்லை என்று தீர்ப்பும் சொன்னேன். போன மாதம் அந்தப் படத்தைக் கைப்பேசியில் மறுபடி பார்த்தேன். அது சூதாட்ட விடுதி. அதில் கம்பெனியும் இல்லை, ஓ.டி.யும் இல்லை.

அன்று சாயங்காலம் அப்பா எழுந்து பல் துலக்கிவிட்டு டீக்கு வந்து உட்கார்ந்தார். சித்தி கதையை ஆரம்பிக்கப் போகும்போதுதான் அம்மா குண்டைத் தூக்கிப் போட்டாள். அதே படத்தை அப்பாவும் அந்த வாரம் கம்பெனி பஸ்ஸில் யாருடைய போனிலோ முழுசாகப் பார்த்துவிட்டாராம். சித்தியின் முகம் சுண்டிப்போனது. ஒருமுறை என்னைப் பார்த்தாள். நான் பயப்படாதே என்பதுபோலத் தலையாட்டினேன். என் விமர்சனத்தின் மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

அவள் சொன்னாள். ஜன்னல் இல்லாத கம்பெனி, வில்லைகள், தராத ஓ.டி. காசு என்று எதையும் விடவில்லை. சொல்லி முடித்ததும் அம்மா அப்பா பக்கம் திரும்பினாள்.

"இன்னாங்க, நீங்க பாத்த படம் இதானா?"

அப்பா சித்தியின் கன்னத்தைப் பார்த்தார். நாற்காலிக் கைப்பிடி அழுந்திய தடம் அதில் இன்னும் சிவப்பாக இருந்தது. பிறகு பாதி திறந்திருந்த அறைக் கதவையும், உள்ளே சுருட்டாமல் கிடந்த தன் பாயையும் பார்த்தார்.

"இதான். கரெக்டா சொல்லிச்சி" என்றார். டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, "மொதல் பார்ட் அளவுக்கு இல்ல" என்றும் சேர்த்துக்கொண்டார்.

அம்மா சமாதானமானாள். சித்தி டம்ளர்களை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. இனி எந்தப் படத்துக்கும் தடையில்லை என்று நினைத்தேன்.

அடுத்து இருவருக்கும் சேர்ந்து நைட் ஷிப்ட் விழுந்த வாரம், ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா வந்ததும் வராததுமாகப் பாயையும் தலையணையையும் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குக் கிளம்பினார். உள்ளே ஒரே புழுக்கமாக இருக்கிறது, மாடியில் காற்று நன்றாக வருகிறது என்றார். சித்திரை மாதம். தெருவில் ஓர் இலை அசையவில்லை. சித்தி கொஞ்ச நேரம் படிக்கட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அறைக்குள் போய்ப் படுத்தவள்தான்.

நான் கவுனைப் போட்டு, ரிப்பன் கட்டி, செருப்பையும் மாட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு தரம் எழுப்பியும் அவள் எழுந்திருக்கவில்லை. படம் நன்றாக இல்லை என்று அப்பா சொன்னதால்தான் சித்திக்குச் சினிமாவே விட்டுப்போய்விட்டது என்று எனக்குப் பட்டது. நேரே மாடிக்கு ஏறினேன். தண்ணீர்த் தொட்டி ஓரம் படுத்திருந்தார். நிழல் நகர்ந்துபோய் அவர் முழங்காலுக்குக் கீழே வெயில் அடித்தது. எழுப்பி, சித்தி சினிமாவுக்கு வரமாட்டேன் என்கிறாள், நீங்களாவது வந்து சொல்லுங்கள் என்று அழுதேன்.

அவர் பாதிக் கண்ணைத் திறந்து, பாயைத் தொட்டிப் பக்கம் கொஞ்சம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அது தூங்கட்டும் வுடும்மா" என்றார்.

காற்றே இல்லாத மாடியில் வெயிலில் கிடந்துகொண்டு காற்று நன்றாக வருகிறது என்கிறவருக்குச் சினிமாவைப் பற்றி என்ன தெரியும் என்று கோபித்துக்கொண்டு கீழே இறங்கிவந்தேன்.